பேசினால் தீருமா? மனச்சோர்வும் உரையாடல் சிகிச்சையும்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும் பஸ்ஸில் என் அத்தை ஒருமுறை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தெருவில் ஒரு பெண் மனநல மருத்துவரிடம் போய்வருகிறாள். மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு விடாமல், வாரம் ஒரு நாள் வரச்சொல்லி முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பேசுகிறார்களாம். அத்தைக்கு அது விளங்கவில்லை. "பேசியே சரியாகிவிடும் என்றால் அது நோயே இல்லையப்பா. நிஜமாகவே நோய் என்றால் பேச்சு என்ன செய்துவிடும்?" என்றார்.

பெரியார் பஸ் நிலையம் வருவதற்குள் என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. கேள்வியில் நியாயம் இருந்தது. நம் ஊரில் எத்தனையோ பேர் சிகிச்சைக்குப் போகாமல் தயங்கி நிற்பது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான். அன்று அத்தைக்குச் சொல்ல நினைத்ததை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பரீட்சைக்கு முந்தைய இரவு நெஞ்சு அடித்துக்கொள்வதும், கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போது கை நடுங்குவதும் மன அழுத்தம். காரணம் விலகினால் அதுவும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். மருத்துவர்கள் 'டிப்ரஷன்' என்று எழுதுவது வேறு. அதை மனச்சோர்வு என்று சொல்வதே பொருத்தம். குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, மனம் தாழ்ந்து கிடக்கும்; அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பில்லாமல் போகும். இந்த இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். கூடவே தூக்கம் கெடும், பசி குறையும் அல்லது கூடும், உடல் அசந்துபோகும், கவனம் நிற்காது, பேச்சும் நடையும் மந்தமாகும், 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்ச்சி வரும், சாவைப் பற்றிய நினைப்பு வரும். இப்படி ஐந்து அறிகுறிகளாவது சேர்ந்து வந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுக்கும்போதுதான் மருத்துவர் அதை நோய் என்கிறார்.

நம் பக்கத்தில் இது பெரும்பாலும் உடம்பின் மொழியில்தான் வெளியே வரும். 'மனசு சரியில்லை' என்று சொல்ல வெட்கப்படுகிறவர், 'தலை பாரமாக இருக்கிறது', 'நெஞ்சுக்குள் என்னவோ அடைக்கிறது', 'வாயு பிடித்துக்கொள்கிறது' என்று கூச்சமில்லாமல் சொல்வார். அது பொய் அல்ல. மனச்சோர்வு உடம்பை உண்மையிலேயே வலிக்கச் செய்யும். ஆனால் அந்த வழியில் போனால் ஈ.சி.ஜி., ஸ்கேன், வாயு மாத்திரை என்று ஓர் ஆண்டு ஓடிவிடும்.

2015-16 இல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. அதன்படி, பெரியவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோய் வந்திருந்தது. ஏறத்தாழ 20 பேரில் ஒருவர். நம் தெருவில் எத்தனை வீடு என்று எண்ணிப் பார்த்தால் இந்த எண்ணின் கனம் புரியும்.

இனி முருகேசனை அறிமுகப்படுத்துகிறேன். அவர் உண்மை மனிதர் அல்ல; விளக்குவதற்காக நான் உருவாக்கியவர். ஆனால் அவருக்கு நேர்வதெல்லாம் இந்த ஊரில் நேரக்கூடியவைதான்.

முருகேசனுக்கு 52 வயது. வீடு வில்லாபுரத்தில். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 24 ஆண்டுகள் தையல்கடை வைத்திருந்தார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் கடையில் இரவு ஒரு மணி வரை விளக்கு எரியும். அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் உடுத்தும் வண்ண உடைகளை அவர் தைத்துக் கொடுப்பார். ரெடிமேட் துணிகள் வந்து வாடிக்கை சுருங்கியது, வாடகை ஏறியது, கடையைக் காலி செய்தார். மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து உறை போட்டு மூடி வைத்தார். அதோடு அவரும் மூடிக்கொண்டார். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன் பிறகு தூக்கம் கிடையாது. சாயங்காலம் தெப்பக்குளத்தில் நண்பர்களோடு உட்காருவது நின்றது. கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினால் போனை மனைவியிடம் கொடுத்துவிடுவார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவார்.

சுற்றி இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. அண்ணன் வந்து, "ஊரில் ஆயிரம் பேர் கடையை மூடியிருக்கிறான், அவனெல்லாம் படுத்தா கிடக்கிறான்?" என்றார். மைத்துனர், "உங்களுக்கு என்ன மாமா குறை? மகள் நல்ல இடத்தில் இருக்கிறாள், சொந்த வீடு இருக்கிறது" என்றார். மனைவி பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார், எலுமிச்சம்பழம் வாங்கி வந்து தலையணைக்கு அடியில் வைத்தார். எல்லோரும் அன்பால்தான் செய்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு பேச்சுக்கும் பிறகு முருகேசன் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார். 'எனக்குக் குறையே இல்லையாம், அப்படியும் எழுந்திருக்க முடியவில்லை என்றால் நான் எவ்வளவு கேடுகெட்டவன்' என்று அவருக்குள் ஓடியது.

அறிவுரைக்கும் உரையாடல் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அறிவுரை சொல்பவர் தன் மனத்தில் இருக்கும் விடையோடு வருகிறார். சிகிச்சையாளர் கேள்வியோடு வருகிறார். அந்தக் கேள்விகளுக்கு ஒரு வரிசையும் காரணமும் உண்டு. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் என்ன மாறியது என்று அவர் குறித்து வைத்துக்கொள்கிறார். முருகேசன் அவருக்கு அண்ணனோ மாமாவோ இல்லை என்பதும் ஒரு வசதி. 'நீ இப்படி இருந்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது' என்ற பாரத்தை அவர் முருகேசன் மேல் ஏற்றுவதில்லை.

சிலர் கேட்பார்கள்: நம் மக்களுக்கு மனசு விட்டுப் பேசத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஓர் இழவு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் வட்டமாகத் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இறந்தவரின் வாழ்க்கையை, அவரோடு தமக்கிருந்த உறவை, தாம் பட்ட பாட்டை எல்லாம் ஒப்பாரியில் எடுத்துச் சொல்லி அழுகிறார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவள் தொடர்கிறாள். இழப்புக்கு ஓர் இடமும் நேரமும் துணையும் கொடுத்த சமூகம் இது. அதை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் தையல்கடை மூடியதற்கு யாரும் பந்தல் போடுவதில்லை. பிள்ளைப்பேறுக்குப் பிறகு காரணம் தெரியாமல் அழும் பெண்ணைச் சுற்றி யாரும் உட்காருவதில்லை. நல்ல காரியம் நடந்த வீட்டில் அழக்கூடாது என்றுதான் சொல்வார்கள். இப்படி அழுவதற்கு இடமில்லாத துக்கங்கள் மூடிய அறைக்குள் தங்கிவிடுகின்றன.

சரி, அந்த முக்கால் மணி நேரத்தில் என்னதான் நடக்கிறது?

மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக அமைந்தவை. தெற்கு மாசி வீதியில் நடக்கத் தொடங்கி திருப்பம் வரும்போதெல்லாம் திரும்பிக்கொண்டே போனால், மேற்கு, வடக்கு, கிழக்கு எல்லாம் சுற்றி மறுபடி தெற்கு மாசி வீதிக்கே வந்து சேர்வீர்கள். மனச்சோர்வில் மனம் நடப்பது இப்படித்தான். முருகேசன் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, 'கடை போய்விட்டது' என்று தொடங்குகிறார். 'எனக்குச் சாமர்த்தியம் இல்லை' என்று திரும்புகிறார். 'எல்லோரும் என்னைக் கேவலமாக நினைக்கிறார்கள்' என்று மறுபடி திரும்புகிறார். 'இனி எழுந்து என்ன ஆகப்போகிறது' என்று படுத்தே கிடக்கிறார். படுத்துக் கிடப்பதால் வேலை நடக்கவில்லை. வேலை நடக்காததால் 'எனக்குச் சாமர்த்தியம் இல்லை' என்பதற்கு இன்னொரு சாட்சி கிடைக்கிறது. ஒரு சுற்று முடிந்தது. மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் இப்படி முப்பது சுற்று சுற்றிவிடலாம்.

எண்ணம், உணர்ச்சி, உடல், செயல் என்ற நான்கும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே போகும் இந்தச் சுழலை உற்றுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஆரோன் பெக். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மனநல மருத்துவராக இருந்தவர். 1921 இல் பிறந்து நூறு வயது வாழ்ந்து 2021 இல் மறைந்தார். மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் நொடிப்பொழுதில் தானாகவே ஓடிவிடும் எண்ணங்கள் இருக்கின்றன, அவை தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன என்பதை 1960களில் அவர் கவனித்தார். அந்த எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி ஆராயக் கற்றுக்கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் சிந்தனை–நடத்தை சிகிச்சை. மருத்துவமனைகளில் சி.பி.டி. என்று சொல்வார்கள். மனச்சோர்வுக்கு இது வழக்கமாக 12 முதல் 20 அமர்வுகள், வாரம் ஒன்று.

ஆனால் ஒரு நல்ல சிகிச்சையாளர் முருகேசனிடம் எடுத்த எடுப்பில் எண்ணங்களைப் பற்றிப் பேசமாட்டார். களைத்துப் போனவரிடம் தர்க்கம் பேசிப் பயனில்லை. சுழலில் எந்த இடம் சுலபமாகக் கைக்கு எட்டும் என்று பார்ப்பார். பெரும்பாலும் அது செயல்தான்.

"இந்த வாரம் மெஷினில் உட்கார்ந்தீர்களா, ஐயா?"

"மனசு வரவில்லை, டாக்டரம்மா. மனசு சரியானதும் உட்காருகிறேன்."

"நான் டாக்டர் இல்லை, ஐயா, உளவியலாளர். மனசு வருகிற வரைக்கும் நாம் காத்திருக்க வேண்டாம். தைக்கக்கூட வேண்டாம். உறையை எடுத்துவிட்டு மெஷினுக்கு எண்ணெய் மட்டும் விடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஐந்து நிமிடம்."

"நாளைக் காலையில் டீ குடித்ததும் செய்யலாமா? செய்வதற்கு முன்னால் மனசு பத்துக்கு எத்தனை, செய்த பிறகு எத்தனை என்று இந்த நோட்டில் எழுதி வாருங்கள்."

கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். சிகிச்சையின் மிக வலுவான பகுதிகளில் ஒன்று இதுதான். 'மனசு சரியானால் செய்வேன்' என்பது நம் எல்லோருக்கும் இயல்பான வரிசை. மனச்சோர்வில் இந்த வரிசை வேலை செய்யாது. ஏனென்றால் மனத்துக்கு மகிழ்ச்சி தரக்கூடிய காரியங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. நின்றதால் மகிழ்ச்சி வருவதற்கு வழியே இல்லை. எனவே வரிசையைத் திருப்பிப் போடுகிறார்கள். முதலில் சிறிய செயல். மனம் பின்னால் வரட்டும். முருகேசன் எழுதி வந்த நோட்டில் செய்வதற்கு முன் 2, செய்த பின் 3 என்று இருந்தது. அந்த ஓர் எண் வித்தியாசம்தான் இந்தச் சிகிச்சையின் மூலப்பொருள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுச் சேலைக்கு ஓரம் அடிப்பது. அதற்கடுத்து சாயங்காலம் தெப்பக்குளம் வரை போய், யாரோடும் பேசாமல் படியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவது. ஒரு நாள் முடியாமல் போனால் அதுவும் பேசப்படும், திட்டு கிடையாது. 'எந்த இடத்தில் நின்றுவிட்டது?' என்ற கேள்விதான் வரும்.

நான்கைந்து வாரம் கழித்து, கொஞ்சம் தெம்பு வந்த பிறகு, எண்ணங்களை எடுப்பார்கள். ஒருநாள் முருகேசன் வாடிய முகத்தோடு வந்தார். மாசி வீதியில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் எதிரே வந்தும் பார்க்காமல் போய்விட்டார்.

"அந்த நிமிடத்தில் மனசில் என்ன ஓடியது?"

"கடை போனதும் நான் ஒரு ஆளே இல்லை என்று."

"அதை நூற்றுக்கு எவ்வளவு நம்புகிறீர்கள்?"

"தொண்ணூறு."

"சரி. அப்படி நினைத்ததும் என்ன செய்தீர்கள்?"

"காய்கறி வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்."

"அவர் பார்க்காமல் போனதற்கு வேறு ஏதாவது காரணம் இருக்க முடியுமா, ஐயா?"

முருகேசன் நெடுநேரம் பேசவில்லை. அந்த உளவியலாளரும் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்று பங்குனியில் யாரோ சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்."

"இப்போது நூற்றுக்கு எவ்வளவு?"

"அறுபது இருக்கும்."

உளவியலாளர் 'நீங்கள் நினைத்தது தவறு' என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பதைப் பாருங்கள். சொல்லியிருந்தால் அது அண்ணன் சொன்னதைப் போலவே கீழே விழுந்திருக்கும். சாட்சியங்களை முருகேசனே தேடி எடுத்தார். அதனால் அந்த விடை அவருடையது. தொண்ணூறு பூஜ்யமாக இறங்கவும் தேவையில்லை. அறுபதுக்கு வந்தால் அடுத்த முறை காய்கறி வாங்கிவிட்டு வீடு திரும்ப முடியும். அது போதும். அந்த வாரத்து வீட்டுவேலை, அந்த வாடிக்கையாளரை நேரில் பார்த்துக் கண் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வருவது.

இதை 'எல்லாவற்றையும் நல்லதாகவே நினை' என்று கற்றுக்கொடுக்கும் சிகிச்சை என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. கடை உண்மையிலேயே போய்விட்டது. வருமானம் உண்மையிலேயே குறைந்துவிட்டது. அதை மறைத்துப் பேசினால் முருகேசன் அடுத்த வாரம் வரமாட்டார், வரவும் கூடாது. நிஜமான இழப்பை நிஜம் என்று ஒப்புக்கொண்டு, அதன் மேல் நோய் ஏற்றிவைத்த கூடுதல் சுமையை மட்டும் பிரித்து எடுப்பதுதான் வேலை. 'கடை போனது' நிஜம். 'அதனால் நான் ஆளே இல்லை' என்பது நோயின் குரல். இரண்டும் ஒரே மூச்சில் வருவதால் ஒன்றாகத் தெரிகின்றன. நிஜமான சிக்கல்களுக்கு, அதாவது கடன் தவணைக்கும் வீட்டிலிருந்தபடி தைக்கக் கூடிய வேலைக்கும், தாளில் எழுதிப் படிப்படியாக வழி தேடுவதும் அமர்வின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

இதோடு இன்னொரு முறையும் உண்டு. 1970களில் ஜெரால்டு கிளர்மன், மிர்னா வைஸ்மன் என்ற இருவர் உறவுகளை மையமாக வைத்து ஒரு சிகிச்சையை உருவாக்கினார்கள். ஒருவரின் சாவு, உறவில் பிணக்கு, வாழ்க்கையில் வகித்த இடம் மாறுவது, தனிமை என்ற நான்கில் எது மனச்சோர்வோடு பின்னியிருக்கிறது என்று கண்டறிந்து அதில் கவனம் செலுத்துவார்கள். கூட்டுக்குடும்பப் பங்காளிச் சண்டையும், மாமியார் வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணின் தவிப்பும், ஓய்வுபெற்றவரின் வெறுமையும் நிறைந்த நம் ஊருக்கு இது நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் படித்த, வசதியுள்ள ஊர்க்காரர்களுக்குத்தானே என்று அத்தை கேட்கக்கூடும். ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் 2006 இல் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவர், மனநல மருத்துவர்கள் போதாத நாட்டில் என்ன செய்வது என்று யோசித்து, 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்து, வருபவர்களின் சிக்கல்களைக் கேட்டு, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வழி தேட உதவினார்கள். அந்த ஊர் மக்கள் தம் துயரத்தை 'குஃபுங்கிசிசா' என்பார்கள். 'அதிகமாக யோசிப்பது' என்று பொருள். நம் ஊரில் 'அவருக்கு ஒரே யோசனை' என்று சொல்கிறோமே, அதே சொல். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து அறிகுறிகள் நன்றாகக் குறைந்திருந்தன என்பதை 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் திண்ணைகளையும் அதில் உட்கார்ந்த கிழவிகளையும் நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பாட்டிமார்களுக்கு முறையான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன என்பதை மறந்துவிடக்கூடாது.

இந்தியாவிலேயே கோவாவில் விக்ரம் படேலும் குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் நெருக்கமானது. மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த கடுமையான மனச்சோர்வு நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசச் செய்தார்கள். பேசிய முறை, முருகேசனிடம் மெஷினுக்கு எண்ணெய் விடச் சொன்னார்களே, அந்தச் செயல்வழி முறைதான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அந்த உரையாடல் கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். அது இல்லாமல், சற்று மேம்படுத்தப்பட்ட வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம் பேர். எல்லோருக்கும் பலித்துவிடவில்லை என்பதையும் இந்த எண்களே சொல்கின்றன. ஒரு முறை பலிக்கவில்லை என்றால் வேறு முறை, வேறு சிகிச்சையாளர், மருந்து என்று வழிகள் இருக்கின்றன.

மருந்தா பேச்சா என்று கேட்டால், லேசான மற்றும் நடுத்தர மனச்சோர்வில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவுகின்றன. கடுமையாக இருக்கும்போது இரண்டும் சேர்ந்தால்தான் நல்லது. எழுந்து உட்காரவே முடியாதவரால் பேச்சில் கலந்துகொள்ள முடியாது. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். 'பழகிவிடும்' என்று பயந்து பாதியில் சட்டென்று நிறுத்துவது நல்லதல்ல. மருத்துவரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும். பேச்சில் கற்றுக்கொண்டதற்கு ஒரு கூடுதல் நன்மை உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் அது கையில் இருக்கும். நோய் மறுபடி வரும்போது முதல் சுற்றிலேயே 'இந்த வீதி எனக்குத் தெரியும்' என்று அடையாளம் காண முடியும்.

இப்போது அத்தையின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கே பத்து ஆண்டாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நடந்தால் சர்க்கரை குறைகிறது. அதற்காக அதை யாரும் நோயில்லை என்று சொல்வதில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலையில் வேர்க்க வேர்க்க நடக்கிறவர்களிடம் போய், 'நடந்தே குறையும் என்றால் அது என்ன நோய்' என்று கேட்பதும் இல்லை. நடை தசையையும் இரத்தத்தையும் மாற்றுவது போலவே, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி மூளையின் பழக்கத்தையும் மாற்றுகிறது. கற்றல் என்பதே உடம்புக்குள் நடக்கும் மாற்றம்தான். ஆகவே அத்தை, அது நோயும்தான். பேச்சு அதற்குச் சிகிச்சையும்தான்.

போக நினைப்பவர்களுக்கு இங்கே சொற்களே முதல் தடை. 'கவுன்சிலிங்' என்றால் பாதிப் பேருக்கு இன்ஜினீயரிங் கல்லூரி இடம்தான் நினைவுக்கு வருகிறது. 'பேச்சுச் சிகிச்சை' என்றால் திக்குவாய்க் குழந்தைக்கான பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஆகவே மனநலப் பிரிவு என்று கேளுங்கள். நாம் 'பெரிய ஆஸ்பத்திரி' என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ், குறிப்பிட்ட நாட்களில் ஊரக அரசு மருத்துவமனைகளுக்கும் மனநல மருத்துவர்கள் வருகிறார்கள். எந்த நாள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். 1992 முதல் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநலத்துக்காக வேலை செய்துவருகிறது. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். உரையாடல் சிகிச்சை அளிப்பவர் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர். தனியாரிடம் போனால் அவருடைய படிப்பு என்ன, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதல் நாளிலேயே தைராய்டு, இரத்தசோகை இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாதீர்கள். அவையும் இதே அசதியைத் தரும்.

'தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?' என்ற பயம் நம் ஊரில் பெரியது. மனநல மருத்துவமனை இருக்கிறது என்பதற்காக, 'கீழ்ப்பாக்கம்' என்ற சென்னையின் ஒரு பகுதியின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். எத்தனை பேரை அந்த ஒரு சொல் வீட்டுக்குள் முடக்கியிருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அமர்வில் பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைமைகளில் மட்டும் விலக்கு உண்டு.

உயிர் என்றதும் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் 'நான் இருந்து என்ன பயன்' என்கிற மாதிரி பேசினால், 'சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது; கேட்க ஒருவர் கிடைத்தாரே என்ற ஆறுதல்தான் வரும். அவரைத் தனியே விடாதீர்கள். தோட்ட வீடுகளில் பூச்சிமருந்து டப்பாவைப் பூட்டுக்குள் வையுங்கள், அல்லது அப்புறப்படுத்துங்கள். 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நிலைமை முற்றியிருந்தால் போனை நம்பி இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் சிகிச்சையாளராக மாற வேண்டியதில்லை. முருகேசனின் மனைவி செய்த மிக நல்ல காரியம் ஒன்று உண்டு. ஒருநாள் காலையில் ஒன்றும் கேட்காமல், "நானும் கூட வருகிறேன், வாங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அமர்வு நடந்த அறைக்குள் அவர் போகவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் 'என்ன பேசினீர்கள்' என்று துருவவில்லை.

முதல் நாள் என்ன சொல்வது என்றுதான் பலர் திகைத்துப் போகிறார்கள். கதை முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டியதில்லை. ஓ.பி. சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருங்கள். "இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. எதிலும் மனசு ஒட்டவில்லை. முன்பு இப்படி இருந்ததில்லை." இந்த மூன்று வாக்கியங்கள் போதும். ஒருவேளை ஒன்பது கேள்விகள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 27. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்ததோ அப்படியே குறித்துக் கொடுங்கள். மீதியை அவர்கள் கேட்பார்கள்.